மீன் எலும்பு அப்பற்றைற்றுத் துகளும் மக்ரோபேஜும்: துகள் மட்டும் இட்ட குழியிலும் ஐஎல்-1பீட்டா வருவது ஏன்?

எழுவான்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எலும்பு நிரப்பியாகப் பயன்படக்கூடிய ஐதரொட்சி அப்பற்றைற்றை (எலும்பின் கல்சியம் பொஸ்பேற்றுக் கனிமம்) மீன் கழிவிலிருந்து எடுத்து, அதற்குத் துகளை விழுங்கும் நிர்ப்பீடனக் கலங்களான மக்ரோபேஜ்கள் என்ன பதில் காட்டுகின்றன என்று பார்க்கும் சிறிய ஆய்வு இது. செய்முறையை முழுதாகத் தருகிறேன்.

வாழைச்சேனைத் துறைமுகத்தில் வெட்டிக் கழித்த சூரை மீனின் முள்ளந்தண்டு. அவித்து, சதை நீக்கி, கரையில் வெயிலில் காயவைத்து, உலையில் 900 பாகை செல்சியசில் 4 மணித்தியாலம் சுட்டது. அகேட் உரலில் அரைத்து 38 மைக்ரோன் அரிதட்டால் சலித்து, வடிநீரில் கழுவி, ஓட்டோகிளேவ் செய்திருக்கிறது.

கலங்கள் டீஎச்பீ-1 என்ற மனித மொனோசைற்று (மக்ரோபேஜின் முன்னோடிக் கலம்) வரிசை. ஊடகம் ஆர்பீஎம்ஐ 1640, 10 சதவீத கன்றுக்கருச் சீரத்துடன். 96 குழித் தட்டில், அவற்றை மக்ரோபேஜாக மாற்றும் பீஎம்ஏ என்ற இரசாயனத்தை 100 நனோமோலார் இட்டு 48 மணித்தியாலம். பிறகு பாதிக் குழிகளுக்கு எல்பிஎஸ் (பற்றீரியாவின் வெளிச்சுவர்ப் பொருள், அதாவது அகநச்சு) 100 நனோகிராம்/மில்லிலீற்றர் 3 மணித்தியாலம். பிறகு துகள் 50, 100, 250, 500 மைக்ரோகிராம்/மில்லிலீற்றர், ஓர் இரவு. மேல்நீரில் ஐஎல்-1பீட்டா என்ற அழற்சிப் புரதத்தை அளக்க எலைசா, கலங்களில் உயிருள்ளவற்றை நிறத்தால் அளக்கும் எம்டிடி.

விளங்காதவை மூன்று. எல்பிஎஸ் இடாமல் துகள் மட்டும் இட்ட குழிகளிலும் ஐஎல்-1பீட்டா தெளிவாக வருகிறது. எல்பிஎஸ்சும் துகளும் சேர்ந்த குழிகளில் 250 வரை ஏறி 500 இல் விழுகிறது. அதே 500 குழிகளில் எம்டிடி அளவீடு வெறும் கலங்களை விடவும் அதிகம். கலம் செத்ததால் ஐஎல்-1பீட்டா விழுந்தது என்றால் எம்டிடியும் விழ வேண்டுமே?

---

ஒலுவில் வெளிச்சவீடு பதில்:

வ அலைக்கும் வணக்கம் தம்பி. கலத்தின் கதையை மற்றவர்கள் சொல்லட்டும். நான் தூளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் குழிக்குள் போனது அப்பற்றைற்று மட்டும்தானா என்பது இன்னும் உறுதியாகவில்லை.

எலும்பில் காபனேற்று உண்டு. 900 பாகையில் அது பிரிந்து சுட்ட சுண்ணாம்பாக, அதாவது கல்சியம் ஒட்சைட்டாக, எஞ்சலாம். நீர் பட்டதும் கல்சியம் ஐதரொட்சைட்டு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் இதே பொருள்தான். அதன் நிறைவுற்ற கரைசலின் பீஎச் 12 இற்கு மேலே. தூளில் சிறிதளவு இருந்தாலும் குழியின் அடியில் கலத்தை ஒட்டிய இடத்தில் காரம் ஏறி, கலம் வெந்துவிடும். அதைத் 'துகளின் நச்சுத்தன்மை' என்று எழுதினால் பிழை. 10 மில்லிகிராம் தூளை 1 மில்லிலீற்றர் உப்புநீரில் கலக்கி, ஒரு மணித்தியாலம் விட்டுப் பீஎச் பாருங்கள். 9 ஐத் தாண்டினால் சுண்ணாம்பு இருக்கிறது என்று எடுங்கள். உங்கள் ஊடகத்திலேயே பீனோல் சிவப்பு இருக்கிறது. 500 குழி ஊதாச் சிவப்பாக மாறியதா என்று கவனித்தீர்களா?

பளிங்கு வகையை அறியும் எக்ஸ்கதிர் விளிம்புவளைவு எடுக்க முடிந்தால் எடுத்தே ஆக வேண்டும். செப்புக் கதிரில் அப்பற்றைற்றின் பெரிய உச்சி 31.8 பாகைக் கோணத்துக்குப் பக்கத்தில். 37.4 இல் ஏதும் நின்றால் கல்சியம் ஒட்சைட்டு, 31.0 இல் நின்றால் பீட்டா முக்கல்சியம் பொஸ்பேற்று. மீன் எலும்பைக் கூடிய சூட்டில் வைத்தால் பின்னது அடிக்கடி வரும், அது அப்பற்றைற்றை விட விரைவாகக் கரையும், கலமும் வேறு விதமாகப் பதில் சொல்லும்.

இன்னொரு உச்சி 26.6 பாகை. அது குவாட்ஸ். 'கரையில் காயவைத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். மணலில் பரப்பினீர்களா, பாயிலா, தட்டிலா? எங்கள் கரை மணலில் குவாட்ஸ் தாராளம். பளிங்குச் சிலிக்கா மக்ரோபேஜில் ஐஎல்-1பீட்டாவைக் கிளப்புவதில் பேர்போன பொருள். கல்சியத் துகளை விட வலுவாகவே கிளப்பும். மணல் ஒட்டிய எலும்பை அரைத்தால் நீங்கள் அளப்பது எதன் பதில் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த தொகுதியை உலர்த்தும் அடுப்பில், துருவேறா உருக்குத் தட்டில் 80 பாகையில் காயவையுங்கள்.

சூடு பற்றி: 500 இற்குக் கீழே கரி எஞ்சிச் சாம்பல் நிறமாக இருக்கும். 650 முதல் 700 வரை, நிமிடத்துக்கு 5 பாகை ஏற்றி, 4 மணித்தியாலம் வைத்தால் கரி போய்விடும், சுண்ணாம்பும் குறைவு. 900 இல் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து மேற்பரப்பும் சுருங்கும்.

பருமன்தான் எனக்குப் பெரிய கவலை. 38 மைக்ரோன் அரிதட்டு இந்த வேலைக்குப் போதாது. மக்ரோபேஜ் நன்றாக விழுங்குவது 1 முதல் 3 மைக்ரோன் வரை. 10 ஐத் தாண்டினால் விழுங்க முடியாமல் மேலே பரந்து ஒட்டிக்கொள்ளும், உடலில் என்றால் பல கலங்கள் கூடி இராட்சதக் கலமாகும். அவை இரண்டும் வேறு வேறு உயிரியல். விலை கூடிய கருவி இல்லாமலே பிரிக்கலாம். தூளை உயரமான அளவுச்சாடியில் நீரில் கலக்கி அசையாமல் விடுங்கள். 5 மைக்ரோன் துகள் 30 பாகை நீரில் 10 சென்ரிமீற்றர் இறங்க ஏறத்தாழ 45 நிமிடம். 45 ஆவது நிமிடம் மேல் 10 சென்ரிமீற்றரை மெதுவாக உறிஞ்சி எடுத்தால் அதில் 5 மைக்ரோனுக்குக் குறைந்தவை மட்டுமே நிற்கும். துகள்கள் திரண்டிருந்தால் கணக்குப் பிழைக்கும். முதலில் மீயொலித் தொட்டியில் 10 நிமிடம்.

---

படுவான்கரை பதில்:

வெளிச்சவீடு சேர் சொன்ன சுண்ணாம்பும் மணலும் தீர்ந்த பிறகும் உங்கள் மூன்று கேள்வியும் நிற்கும் என்றே நினைக்கிறேன். ஒவ்வொன்றாக வருகிறேன்.

ஐஎல்-1பீட்டா வெளியே வர இரண்டு அறிகுறி வேண்டும். முதலாவது கலத்துக்குள் முன்னோடிப் புரதத்தைச் செய்யச் சொல்லும். 31 கிலோடால்டன், அந்த நிலையில் வேலை செய்யாது. இதற்குத்தான் எல்பிஎஸ். இரண்டாவதைத் தருவது துகள். விழுங்கிய அப்பற்றைற்று, கலத்தின் செரிமானப் பையான இலைசோசோமின் அமிலத்தில், பீஎச் 4.5 முதல் 5 வரை, கரையத் தொடங்குகிறது. கல்சியமும் பொஸ்பேற்றும் உள்ளே குவிய, பை வீங்கிக் கிழிந்து கதெப்சின் பி என்ற நொதி வெளியே கசிகிறது. பொற்றாசியமும் கலத்தை விட்டு ஓடுகிறது. என்எல்ஆர்பி3 என்ற புரதம் இதை உணர்ந்து, ஏஎஸ்சி என்ற இணைப்புப் புரதத்தையும் கஸ்பேஸ்-1 என்ற வெட்டும் நொதியையும் கூட்டி (இந்தக் கூட்டே இன்பிளமசோம்) முன்னோடியை 17 கிலோடால்டன் துண்டாக வெட்டுகிறது. யூரேற்றுப் பளிங்கும் கல்சியம் பைரோபொஸ்பேற்றுப் பளிங்கும் இந்த வழியில் போவதை லோசானில் யூர்க் சோப்பின் குழு 2006 இல் காட்டியது. அப்பற்றைற்றுக்கும் சிறுநீரகத்தில் கல்சியம் ஒட்சலேற்றுக்கும் பிறகு அதே வழி காட்டப்பட்டது.

ஆகவே துகள் மட்டும் இட்ட குழியில் ஐஎல்-1பீட்டா வந்தால், கேட்க வேண்டியது 'முதல் அறிகுறியை யார் கொடுத்தது' என்பதே. இருவர் மேல் சந்தேகம்.

ஒருவர் பீஎம்ஏ. அது கலத்தை ஒட்டச் செய்வதோடு நிற்பதில்லை, முன்னோடி ஐஎல்-1பீட்டாவையும் செய்ய வைக்கிறது. நீங்கள் 48 மணித்தியாலம் முடிந்த கையோடு துகள் இட்டிருக்கிறீர்கள். பீஎம்ஏ ஊடகத்தைக் கழுவி எடுத்து, வெறும் ஊடகத்தில் 24 முதல் 48 மணித்தியாலம் ஓய்வு கொடுங்கள். பீஎம்ஏ அளவையும் 100 இலிருந்து 20, 25 நனோமோலாருக்குக் குறைத்துப் பாருங்கள், பலருக்கு அதுவே போதும்.

மற்றவர் பற்றீரியா அகநச்சு. உலையிலிருந்து இறக்கிய தூளில் அது இருக்காது. 250 பாகையில் 30 நிமிடமே அதை அழித்துவிடும், உங்களுடையது 900 ஐக் கண்டது. ஆனால் அதற்குப் பிறகு வடிநீரில் கழுவியிருக்கிறீர்கள். நாட்கணக்கில் கொள்கலனில் நின்ற வடிநீரில் பற்றீரியா வளரும், அது செத்தாலும் எல்பிஎஸ் நிற்கும். ஓட்டோகிளேவ் பற்றீரியாவைக் கொல்லும், எல்பிஎஸ்சை அழிக்காது. இதில் அப்பற்றைற்றுக்கு என்று ஒரு தனிக் கெடுதி உண்டு: அதன் மேற்பரப்பு புரதத்தையும் எல்பிஎஸ்சையும் இழுத்துப் பிடிக்கும். புரதம் பிரிக்கும் நிரல்களில் அதைப் போடுவதே அதற்காகத்தான். கழுவிய நீரில் இருந்த கொஞ்ச நஞ்சமும் துகளில் ஏறி நேரே மக்ரோபேஜின் வாய்க்குள் போகும். ஒரு மில்லிலீற்றருக்குச் சில பத்து பிக்கோகிராம் எல்பிஎஸ்சுக்கே மொனோசைற்று பதில் சொல்லத் தொடங்கும் என்பதை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இது. அரைத்தல், வண்டல் பிரித்தல், கழுவல் எல்லாம் முடிந்த பிறகு, தூளைக் கண்ணாடிக் குப்பியில் மெல்லிதாகப் பரப்பி 250 பாகையில் ஒரு மணித்தியாலம் சுடுங்கள். அதற்கு மேல் அதைத் தொடும் நீர் ஊசிமருந்துக்கான நீர்க் குப்பியிலிருந்து மட்டுமே வரட்டும். குதிரைலாட நண்டின் குருதியால் அகநச்சைக் கண்டறியும் எல்ஏஎல் சோதனை செய்வதென்றால், தெரிந்த அளவு எல்பிஎஸ்சைத் துகளோடு கலந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று கட்டாயம் பாருங்கள். 50 முதல் 200 சதவீதத்துக்குள் வராவிட்டால் 'அகநச்சு இல்லை' என்ற விடைக்குப் பெறுமதி இல்லை, துகள் அதை ஒளித்து வைத்திருக்கலாம். உறுதிக்கு டீஏகே-242 ஐ 1 மைக்ரோமோலார் இட்டு ஒரு வரிசை ஓட்டுங்கள். அது எல்பிஎஸ்சை உணரும் டிஎல்ஆர்4 என்ற ஏற்பியை அடைக்கும். துகள் மட்டும் இட்ட குழியின் பதில் அதில் மறைந்தால் குற்றவாளி எல்பிஎஸ். மறையாமல் நின்றால் பீஎம்ஏயைப் பிடியுங்கள்.

அடுத்தது 500 இல் விழுவது. மேலே சொன்ன அதே ஒட்டும் குணம் இங்கே மறுபக்கமாக வேலை செய்கிறது. வெளியே வந்த ஐஎல்-1பீட்டா துகளில் ஒட்டிக்கொள்ளும். மையநீக்கியில் துகளோடு அடியில் போகும். எலைசா மேல்நீரை மட்டும்தான் பார்க்கிறது. கலமே இல்லாத குழிகளில் 500 பிக்கோகிராம்/மில்லிலீற்றர் தூய ஐஎல்-1பீட்டாவை ஒவ்வொரு துகள் அளவோடும் 37 பாகையில் ஓர் இரவு வைத்து, அதே முறையில் அளந்து பாருங்கள். 500 இல் பாதிதான் திரும்புகிறது என்றால் உங்கள் வரைபு விழவே இல்லை. செத்த கலத்திலிருந்து கசியும் எல்டிஎச் என்ற நொதியை அளவிட்டாலும் இதே சோதனை தேவை, அந்த நொதியும் ஒட்டும்.

எம்டிடி உயர்ந்தது கலம் பெருகியதால் அல்ல. டீஎச்பீ-1 பீஎம்ஏக்குப் பிறகு பெருகுவதில்லை. குழியடியில் கிடக்கும் துகள் ஒளியைச் சிதற வைக்கிறது, தட்டு வாசிப்பான் அதை நிறம் என்று கணக்கெடுக்கிறது. எம்டிடியில் உண்டாகும் நிறப்பொருளான பொர்மசானைக் கரைத்த பிறகு தட்டைச் சுழற்றி, மேல்திரவத்தைப் புதிய தட்டுக்கு மாற்றி அளவிடுங்கள்; கலமில்லாத துகள் குழியின் அளவைக் கழியுங்கள்.

இன்னொன்று: அளவை மில்லிலீற்றருக்கு எழுதாமல் சதுர சென்ரிமீற்றருக்கு எழுதுங்கள். 1 மைக்ரோன் அப்பற்றைற்றுத் துகள்கூட 3 மில்லிமீற்றர் ஊடகத்தில் அரை மணித்தியாலத்தில் அடிக்கு வந்துவிடும். 96 குழியில் 100 மைக்ரோலீற்றர் இட்டால் பரப்பு 0.32 சதுர சென்ரிமீற்றர். 100 மைக்ரோகிராம்/மில்லிலீற்றர் என்பது உண்மையில் 31 மைக்ரோகிராம்/சதுர சென்ரிமீற்றர். நீங்களே 24 குழித் தட்டுக்கு மாறினாலும் ஒப்பிடலாம்.

---

நாவற்கேணி எழுதியது:

நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை, வாசித்து விளங்கிய மட்டில் கேட்கிறேன். எங்கட பக்கம் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படியும். அதைக் குடித்தால் இந்தத் துகள் உடம்புக்குள் போய் இப்படிக் கலங்களைக் கிளப்புமா? சிறுநீரகக் கல்லும் அதனாலா?

---

வாவியோரம் பதில்:

இல்லை அண்ணன். கேத்திலில் படிவது கல்சியம் காபனேற்று. இரைப்பை அமிலத்தில் கரைந்துவிடும். குடல் கல்சியத்தை அயனாகத்தான் உறிஞ்சும், துகளாக அல்ல. குருதிக்குள் துகள் உருவாவதென்றால் அங்கேயே உருவாக வேண்டும்.

அங்கே உருவாவதும் உண்டு, அதற்கு உடல் வழி வைத்திருக்கிறது. ஈரல் செய்யும் பெட்டுயின்-ஏ என்ற புரதம், கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்து முளைக்கும் நுண்துகளைச் சுற்றிப் பொதிந்துவிடும். முதலில் பளிங்காகாத, உருண்டையான, 100 நனோமீற்றர் அளவிலான துகள். அதை ஈரலின் குழாய்ச் சுவர்க் கலங்கள் சத்தமில்லாமல் வடித்தெடுக்கும். நேரம் போனால் அது நீண்டு, பளிங்காகி, ஊசிபோன்ற இரண்டாம் வகையாகும். இதை எடுப்பது மக்ரோபேஜ்கள், அழற்சியும் இதிலேதான் கூட. சிறுநீரகம் பழுதான நோயாளரில் பொஸ்பேற்று ஏறி இந்த மாற்றம் விரைவுபடுகிறது, குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிவதோடும் அதற்குத் தொடர்பு உண்டு. மொத்தத்தில் கல்சியம் என்றாலே கலம் கோபப்படும் என்றில்லை. துகளின் பருமன், வடிவம், மேலே புரதப் போர்வை இருக்கிறதா என்பவையே தீர்மானிக்கும்.

கல் பற்றி: பெரும்பாலானவை கல்சியம் ஒட்சலேற்று. அதற்குக் கல்சியம் உள்ள தண்ணீரை விட, வயலிலும் கடலிலும் வெயிலில் நின்று தண்ணீர் குடிக்காமல் சிறுநீர் தடிப்பதே பெரிய காரணம். உணவோடு சேரும் கல்சியம் குடலிலேயே ஒட்சலேற்றைக் கட்டிவிடும் என்பதால், பால், நெத்தலியை நிறுத்துவது உதவாது, கெடுக்கவும் கூடும். ஒரு நாளில் குறைந்தது இரண்டரை லீற்றர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். வெயில் வேலைக்காரருக்கு அதற்கு மூன்று லீற்றரும் போதாது. இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுத்தான் கூட்டலாம்.

எழுவான்கரைக்கும் ஒரு சொல். உங்கள் ஊடகத்தில் இருப்பது கன்றுக்கருச் சீரம். பெட்டுயினைக் கண்டெடுத்ததே அதிலிருந்துதான், அவ்வளவு செறிவு. 10 சதவீதச் சீரத்தில் துகளை இட்ட கணமே அது போர்த்தப்பட்டுவிடும். சீரமில்லாமல் ஒரு வரிசை, 1 சதவீதத்தில் ஒரு வரிசை ஓட்டினால் வேறுபாடு தெரியும். மூட்டில் நடப்பதும் இதையொத்தது: தோள் தசைநாரில் சுண்ணாம்பு வருடக்கணக்கில் நோவில்லாமல் கிடக்கும். உடல் அதைக் கரைக்க மக்ரோபேஜை அனுப்பும் கட்டத்தில்தான் நோயாளர் இரவில் தூங்க முடியாமல் வருவார்.

---

எழுவான்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. காயவைத்தது கரையில் சாக்கு விரித்து, ஆகவே மணலை மறுக்க முடியாது. இந்தத் தொகுதியை விலக்குகிறேன். டீஎச்பீ-1 கிடைக்கத் தாமதமானால் குருதியிலிருந்து மொனோசைற்று பிரித்து அதே தட்டை ஓட்டலாமா? கரைந்த கல்சியத்தின் பங்கைப் பார்க்க ஊடகத்தில் கல்சியம் குளோரைட்டு சேர்க்கலாமா?

---

படுவான்கரை பதில்:

மொனோசைற்றை நேரே பயன்படுத்த வேண்டாம். மனித மொனோசைற்று எல்பிஎஸ் மட்டும் கண்டாலே, இரண்டாம் அறிகுறி இல்லாமல், ஐஎல்-1பீட்டாவை வெளியே விடும். உங்கள் எல்பிஎஸ் தனிக் குழியும் எல்பிஎஸ் துகள் குழியும் ஒன்றுபோலத் தெரியும். பிரித்தெடுத்து எம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிக் காரணி இட்டு 6, 7 நாள் வளர்த்து மக்ரோபேஜ் ஆக்கிய பிறகு செய்யுங்கள். பிரிப்பது வழமைபோல: ஐதாக்கி இரண்டு மடங்காக்கிய குருதியை 1.077 அடர்த்தித் திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றி, மையநீக்கியில் 400 ஜீ, 30 நிமிடம், நிறுத்தும்போது தடை (பிரேக்) இல்லாமல். தடை போட்டால் படை கலங்கும். குருதி எடுக்க நெறிமுறைக் குழுவின் அனுமதியை இப்போதே விண்ணப்பியுங்கள்.

கல்சியம் குளோரைட்டை ஆர்பீஎம்ஐயில் இடாதீர்கள். அந்த ஊடகத்தில் பொஸ்பேற்று 5.6 மில்லிமோலார் அளவில் உண்டு, கல்சியம் 0.42 தான். சில மில்லிமோலார் கூட்டினாலே 37 பாகையில் கல்சியம் பொஸ்பேற்று வீழ்படிவாகும்; கரைந்த அயனின் விளைவைப் பார்க்கப் போய் புதிய துகளை உண்டாக்குவீர்கள். அதற்குப் பதில் துகளைக் கலமில்லாத ஊடகத்தில் ஓர் இரவு ஊறவைத்து, சுழற்றி, 0.2 மைக்ரோனில் வடித்த மேல்நீரைக் கலங்களுக்குக் கொடுங்கள். பெரும்பாலும் கரைந்ததுதான் அதில் இருக்கும்.

தட்டில் இருக்க வேண்டிய வரிசைகள்: கலம் மட்டும், எல்பிஎஸ் மட்டும், துகள் மட்டும், எல்பிஎஸ் துகள், எல்பிஎஸ்சோடு என்எல்ஆர்பி3 ஐக் கிளப்பும் நைஜெரிசின் 10 மைக்ரோமோலார் ஒரு மணித்தியாலம் (இதில் பதில் வராவிட்டால் கலத்தில்தான் பிழை), எல்பிஎஸ் துகளோடு என்எல்ஆர்பி3 ஐ அடைக்கும் எம்சிசி950 1 மைக்ரோமோலார் (துகளுக்கு 30 நிமிடம் முன்னே), எல்பிஎஸ் துகளோடு சைற்றோகலாசின் டி (விழுங்குவதை நிறுத்த), மேலே சொன்ன வடித்த மேல்நீர், கலமில்லாமல் துகளும் தூய ஐஎல்-1பீட்டாவும். எல்லாம் மும்மூன்று குழி. ஓரக் குழிகளில் ஆவியாகும், அங்கே வெறும் நீர் நிரப்புங்கள்.

பல எலைசாக்கள் முன்னோடிப் புரதத்தையும் சேர்த்துக் காட்டும். கலம் வெடித்துச் செத்தால் வெட்டப்படாத 31 கிலோடால்டனும் மேல்நீருக்கு வரும். எம்சிசி950 வரிசையில் பதில் விழாவிட்டால் புரதத்தை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் புளொட்டில் 17 கிலோடால்டன் பட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் இன்பிளமசோம் என்று எழுத வேண்டாம்.

---

ஒலுவில் வெளிச்சவீடு பதில்:

புதிய தொகுதியைச் சுடும்போது ஒரு பங்கை 700 இலும் ஒரு பங்கை 900 இலும் வைத்து, இரண்டையும் 5 மைக்ரோனுக்குக் கீழே பிரித்து ஒரே தட்டில் ஓட்டுங்கள் தம்பி. இரசாயனம் ஒன்றாக இருந்து மணியின் மேற்பரப்பு மட்டும் வேறுபட்டால் கலம் என்ன சொல்கிறது என்று அதிலேயே தெரியும். அரைத்த தூளின் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் கிடைத்தால் இங்கே போடுங்கள், விளிம்பு ஊசியா உருண்டையா என்று பார்த்துச் சொல்கிறேன். எம்சிசி950 வாங்க முடியாவிட்டால் ஊடகத்தின் பொற்றாசியம் குளோரைட்டை 50 மில்லிமோலாருக்கு ஏற்றி ஒரு வரிசை ஓட்டலாம், பொற்றாசியம் வெளியே ஓடுவது நின்றுவிடும். ஆனால் உவர்ப்பு ஏறும் என்பதால் அதே அளவு சோடியம் குளோரைட்டு கூட்டிய வரிசையையும் பக்கத்தில் வையுங்கள்.